கத்தரிக்குத் துணை தும்பை

மாடித் தோட்டத்தில் கத்தரிச் செடியோரம் தும்பை முளைத்தால் முதல் வேலையாகப் பிடுங்கி எறிவார்கள். களைதானே! ஆனால் கத்தரி நன்றாகக் காய்க்க உதவும் தேனீக்குச் சோறு போடுகிற செடிகளில் அதுவும் ஒன்று.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் உண்டு, அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள துளை வழியாகத்தான் வெளிவரும். காற்றில் செடி ஆடினால் கொஞ்சம் உதிரும். தாராளமாக உதிர வேண்டுமானால் பூவை யாராவது உலுக்க வேண்டும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். கறுத்த வயிற்றில் நீலக் கோடுகள் மின்னும் இந்தத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, சிறகடிக்காமலே பறக்கும் தசைகளை அதிரவிடும். ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம், மகரந்தம் கொட்டிவிடும். ஆனால் பறக்கத் தெம்பு வேண்டுமே! தேனுக்கு அது வேறு பூவைத் தேடித்தான் போக வேண்டும்.

அதற்குத் தும்பை தோது. துளசிக் குடும்பத்துச் செடி. தண்டைத் தடவினால் நாலு பட்டை கையில் தட்டுப்படும். மிஞ்சிப்போனால் இரண்டடி உயரம். பூவின் கீழுதடு அகன்று, தேனீ உட்கார இடம் தருகிறது. மேலுதடு மயிரடர்ந்த குல்லா. அதனடியில் நான்கு மகரந்தத் தாள்கள். குழாயின் அடியிலுள்ள தேனுக்காகத் தலையை நுழைத்தால், மகரந்தம் மேலே ஒட்டிக்கொள்ளும். பூவைப் பறித்து அடியை உறிஞ்சிப் பழகிய கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தேன் எங்கே என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நர்சரியில் தும்பை கேட்டால் சிரிப்பார்கள். வரப்பிலோ காலி மனையிலோ காய்ந்து நிற்கும் பூங்கொத்தை உள்ளங்கையில் உதறினால் போதும். ஒவ்வொரு பூக்கிண்ணத்திலும் நான்கு விதை வரை இருக்கும். ஐப்பசி மழையை ஒட்டி, வெயில் படும் தொட்டியில் தூவி, லேசாக அழுத்தித் தண்ணீர் தெளிக்கலாம். செம்மண்ணும் மணலும் போதும்; உரம் போட்டால் இலைதான் மண்டும். முளைத்ததும் சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை விட்டு அடக்கமாக நிற்கும். விதை கொட்டுமுன் பாதிக் கொத்துகளை வெட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த மழைக்குத் தோட்டம் முழுக்கத் தும்பைதான்.

நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழாது. ஒவ்வொரு பெண்ணும் மண்ணிலோ மண்சுவரிலோ தனக்கென வளை தோண்டும். வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் பூசிய வீட்டில் அதற்கு ஏது இடம்? மதிலோரம் தண்ணீர் தேங்காத ஒரு முழ மண்ணைக் கொத்தாமல் விட்டுவைக்கலாம். கத்தரிக்கு வேப்பெண்ணெய் தெளிக்க நேர்ந்தால், பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பிறகு, தும்பைமேல் படாமல் தெளிக்க வேண்டும்.