வளவும் கோழியும் கிணறும்

மார்கழியோடு வடகீழ்ப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மாசிப் பனியும் நீங்கிப் பங்குனி பிறந்ததும், யாழ்ப்பாணத்து நல்லூரிலே வளவுகள்தோறும் இளவேனிலின் சாயல் தோன்றத் தொடங்கும். வேம்பு பூத்துச் சொரியும். உதிர்ந்த பூவைக் கூட்டியள்ளிப் பெண்கள் வடகத்துக்கென உலர்த்துவர். வருடப்பிறப்பை எதிர்நோக்கியிருக்கும் அந்நாள்களிலே வீட்டின் பின்புறத்தில் இருவகை முயற்சிகள் ஒருங்கே நடைபெறுவதைக் காணலாம். ஒன்று மரக்கறித் தோட்டம். மற்றொன்று கோழி வளர்ப்பு. இவ்விரண்டையும் தாங்கி நிற்பது மூன்றாவது ஒன்று, அதுதான் கிணறு.

ஆறுமுக நாவலர் பிறந்த இவ்வூரிலே முட்டையும் புலாலும் கொள்ளாத சைவ இல்லங்கள் பல. அத்தகைய வீடுகளில் கோழி இராது. தோட்டம் மாத்திரம் இருக்கும். ஏனைய வீடுகளிலோ கோழியும் குடும்பத்தில் ஓர் உறுப்புப் போலவே வளர்ந்து வருகின்றது.

தோட்ட வேலையிலே ஒவ்வொருவருக்கும் ஒரு பங்குண்டு. தந்தை மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டுவார். தாய் கத்தரி, மிளகாய் நாற்றுக்களை மாலை வேளையில் நடுவாள். பயற்றங்கொடிக்கும் பாகற்கொடிக்கும் பந்தலிடுவது இளைஞர் பணி. முன்னாளில் துலாவினால் இறைத்த நீரை இந்நாளில் இயந்திரம் இறைக்கின்றது. ஆயினும் சிறு பாத்திகளுக்கு வாளியால் அளந்து ஊற்றும் வீடுகளும் உள்ளன.

ஆச்சியின் கவனமோ அடைக்கோழியின்மேல் இருக்கும். கடகத்திலே மணலும் வைக்கோலும் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, கோழியை அதன்மீது அமர்த்துவாள். 21 நாள்களில் குஞ்சு பொரிக்கும். ஒரு வாரம் கழிந்தபின் இருளிலே விளக்கொளிக்கு நேராக முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுற்ற முட்டையில் செந்நரம்புகள் படர்ந்திருப்பது தெரியும். கருவில்லாத கூமுட்டை வெறிதே ஒளிரும். பள்ளிச் சிறுவருக்கு இதனினும் சிறந்த விஞ்ஞான பாடம் வேறு வேண்டுமோ? குஞ்சுகள் வெளிவந்தபின் அரிசிக் குறுணலும் கறையானும் இட்டு, காகமும் கீரியும் அணுகாவண்ணம் காப்பது அச்சிறுவரின் பொறுப்பாகும்.

கோழியும் தோட்டமும் ஒன்றுக்கொன்று உதவுவன. ஒன்றையொன்று கெடுக்கவும் வல்லன. கோழி புழுபூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். சமையற் கழிவை முட்டையாக மாற்றித் தரும். அதே கோழி புதிதாய் விதைத்த பாத்தியை ஒரு நாழிகையிற் கிளறிப் பாழாக்கியும் விடும். ஆதலால் நாற்று வேரூன்றும்வரை பாத்தியைச் சுற்றிப் பனையோலையால் அடைப்புக் கட்டுவர்.

கோழியெச்சத்தின் தன்மையும் இத்தகையதே. மாட்டெருவைக் காட்டிலும் அதில் நைதரசன் மிகுதி. பச்சையாக இட்டாற் செடி கருகிவிடும். கேடு அதனோடு நிற்பதில்லை. குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. மழைநீர் கல்லினூடே இறங்கித் தேங்குவதே குடிநீர். மேலே இட்டது எதுவோ, அதுவே கரைந்து கீழே சென்று கிணற்றை அடைகின்றது. கமங்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரமும், மலசலகூடக் குழிகளும், விலங்கெருவும் சேர்ந்து குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளதை ஆய்வாளர் கண்டுள்ளனர். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரிற் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் காய்ச்சுவதால் இது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இதற்குப் பரிகாரம் எளியது. கோழிக்கூட்டைக் கிணற்றடிக்கு எட்டவே அமைத்தல் வேண்டும். எச்சத்தைச் சருகு, வைக்கோல் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகச் சேர்த்து, மழை படாதவாறு மூடி, இடையிடையே கிளறி, இரண்டு மூன்று மாதம் மக்கவிடல் வேண்டும். நன்கு மக்கிய எருவையும் பயிர் உண்ணும் அளவறிந்து சிறிது சிறிதாகவே இடல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் எருக்குவியலைத் திறந்து விடுதல், கிணற்றுக்குத் தாமே நஞ்சூட்டுதலை ஒக்கும்.

வீட்டுத் தோட்டத்தின் அருமை 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் உணரப்பட்டது. பொருளாதார நெருக்கடியால் உணவுப் பண்டங்களின் விலை ஏறியபோது, அரசாங்க ஊழியர் வீட்டிலே பயிர் செய்தற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அவ்வாண்டு ஜூன் மாதம் அமைச்சரவை இசைந்தது. கோழித்தீன் விலை ஏறி முட்டையும் அருமைப்பட்ட அக்காலத்திலே, கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழி பல குடும்பங்களுக்குத் துணையாயிற்று.

நெருக்கடி வரும், போகும். கிணறு தலைமுறை தலைமுறையாய் இருக்கவேண்டியது. தாம் நட்ட கத்தரியின் முதற்காயையும், தாம் காத்த கோழியின் முதல் முட்டையையும் பிள்ளைகள் மகிழ்ந்து ஏந்தி வரும் வேளையிலே, அவற்றை விளைவித்த நீரைப் பேணும் முறையையும் பெற்றோர் உடன் கற்பித்தல் வேண்டும். அதுவே அவ்வளவிலிருந்து அவர்கள் பெறும் நிலையான முதுசமாகும்.