புல்லுக்குத் தடை போட்ட புல்வெளி நகரம்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் தண்ணீர் வாரியத்தின் கார் ஒன்று தெருத் தெருவாக ஊர்ந்து போகும். புல்தரைக்கு விட்ட தண்ணீர் நடைபாதையில் வழிந்தால் ஊழியர் இறங்கி வீடியோ எடுப்பார்; தரையில் சின்னதாக ஒரு கொடியைக் குத்திவிட்டுப் போவார். முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். அதே வீட்டுக்குள் ஒருவர் ஒரு மணி நேரம் ஷவரில் நின்றாலும் கேட்க ஆளில்லை.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஊரின் நீர்க் கணக்கே இதில்தான் இருக்கிறது.

ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர். வாழும் மக்கள் 20 லட்சத்துக்கு மேல். குடிநீரில் பத்தில் ஒன்பது பங்கு, கொலராடோ ஆற்றை ஹூவர் அணை தேக்கும் மீட் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஆற்றில் நெவாடா மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி. நமக்குப் பழகிய கணக்கில் 13 டி.எம்.சி. பக்கத்து கலிஃபோர்னியாவுக்கோ 190 டி.எம்.சி.க்கு மேல். 1920களில் பங்கு பிரித்தபோது லாஸ் வேகாஸ் ஒரு சின்ன ரயில்வே ஊர்.

இந்த 13 டி.எம்.சி.யை நீட்டிக்க ஒரு வழி உண்டு. சாக்கடையில் இறங்கும் நீரைச் சுத்திகரித்து, லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எவ்வளவு திரும்பியதோ அவ்வளவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எனவே குளித்த நீர் கணக்கில் செலவே இல்லை. புல்லுக்கு விட்டதுதான் வெயிலோடு போய்விடும்.

அதனால்தான் சட்டங்களெல்லாம் புல்லைத் துரத்துகின்றன. 2003-லேயே புது வீடுகளின் முன்புறத்தில் புல் கூடாது என்றார்கள். இருக்கும் புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்று மானியமும் உண்டு. ஒரு சதுர அடி போனால் ஆண்டுக்கு 200 லிட்டர் மிச்சம். 2021-ல் மாநிலச் சட்டமே வந்தது: சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக மட்டும் வளரும் புல்லுக்கு 2026-க்குப் பிறகு கொலராடோ நீர் கிடையாது. பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் விலக்கு. தனியாக ஓர் உள்ளூர் விதிப்படி, வீடுகளில் கட்டும் புது நீச்சல் குளம் 600 சதுர அடியைத் தாண்டக் கூடாது. லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள்!

சூதாட்ட விடுதி வாசலில் ஆடும் பெல்லாஜியோ நீரூற்றைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். அது ஆற்று நீரல்ல. அங்கே முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தின் கிணற்று நீர்.

எனக்கு உறுத்துவது வேறு. 2024 ஜூலை 7 அன்று அங்கே 48.9 டிகிரி செல்சியஸ். அந்த ஊர் கண்ட உச்ச வெப்பம். அந்த வெயிலில் நிழல் தரும், புல்லுக்குப் பாய்ந்த நீரைக் குடித்து வளர்ந்த மரங்கள், புல்லோடு குழாயும் போனதும் காய்ந்துவிடுகின்றன. மானியம் வாங்கினால், செடிகள் வளர்ந்த பின் பாதி நிலத்தையாவது மூட வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. பழைய மரத்துக்குத் தனியாகச் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும். போடாத இடத்தில் மிஞ்சுவது சரளைக் கல்லும் பட்ட மரமும்தான்.