மடிக்கணினி விசைப்பலகைப் பட்டை வடம்: பழுதும் சீரமைப்பும்

மடிக்கணினி விசைப்பலகைப் பட்டை வடம் என்பது விசைப்பலகையைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் மெல்லிய, தட்டையான மின்வடம் ஆகும். பழுதுபார்ப்புக் கடைகளில் இது ரிப்பன் கேபிள் என்றே அழைக்கப்படுகிறது. பழைய மடிக்கணினிகளில் சில விசைகள் கூட்டமாகச் செயலிழப்பதற்கு இவ்வடம் மடங்குவது, கீறப்படுவது, இணைப்பியிலிருந்து நழுவுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றுள் ஒரு பகுதியை வீட்டிலேயே சரிசெய்யலாம். வடம் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே சீரமைப்பு முறை அமையும். பொருளை அறியாமல் சூட்டுக்கோல் வைத்தால் சிறு பழுதும் தீராத பழுதாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பல குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி இதுவே. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள தேவாரம், போடிநாயக்கனூர் போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல. இவ்வூர்ப் பகுதியிலிருந்து பலர் எல்லை கடந்து கேரளத்தின் ஏலமலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். ஏலக்காய் வணிகமும் இன்று போடிநாயக்கனூரில் கணினிவழி மின்னணு ஏலமாகவே நடக்கிறது.

அக்காலத்து மடிக்கணினிகள் இப்போது பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. செயலியும் நினைவகமும் நன்றாக இருக்க, விசைப்பலகை மட்டும் கெட்டுப்போய் மூலையில் வைக்கப்பட்டவை பல. விண்ணப்பம் நிரப்பவும் பாடம் தட்டச்சு செய்யவும் வீட்டில் வேறு கணினி இல்லாதபோது, ஒரு மெல்லிய வடத்தின் பழுது கணினி முழுவதையும் பயனற்றதாக்கிவிடுகிறது. அதிலுள்ள கோப்புகளும் படங்களும் அழியவில்லை. கடவுச்சொல்லில் வரும் ஓரெழுத்தை அழுத்த முடியாததால் எட்டாமல் நிற்கின்றன. இத்தகைய நிலையில் நுழைவுத் திரையின் அணுகல் வசதிகளில் உள்ள திரை விசைப்பலகையைச் சுட்டியால் இயக்கி உள்ளே நுழையலாம். யூ.எஸ்.பி. விசைப்பலகையைச் செருகுவது மற்றொரு வழி.

அமைப்பு

விசைப்பலகையின் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நெகிழித் தாள்கள் உள்ளன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். இடையிலுள்ள தாளில் விசைக்கு ஒரு துளை இருக்கும். விசையை அழுத்தும்போது மேல் தடமும் கீழ்த் தடமும் அத்துளை வழியே தொட்டுக்கொள்கின்றன.

ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. தடங்கள் வரிசை, நிரல் என்ற கட்ட அமைப்பில் ஓடுகின்றன. எடுத்துக்காட்டாக, 8 வரிசைகளும் 16 நிரல்களும் இருந்தால் 24 தடங்களைக் கொண்டு 128 சந்திப்புகளைப் பெறலாம். தாய்ப்பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு வரிசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியுள்ளது என்று அறிகிறது. இதனால்தான் ஒரு தடம் அறுந்தால் ஒரு விசை மட்டும் போகாமல், அத்தடத்தைப் பகிரும் விசைகள் அனைத்தும் ஒன்றாகச் செயலிழக்கின்றன. எந்தெந்த விசைகள் ஒரே தடத்தில் வரும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். அவை பலகையில் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை.

வடத்தின் வகைகள்

1. வெள்ளி மை அச்சிட்ட பாலியெஸ்டர் வடம்: பெரும்பாலான மடிக்கணினி விசைப்பலகைகளில் உள்ளது இதுவே. உள்ளிருக்கும் நெகிழித் தாளே வால்போல் நீண்டு வடமாகிறது. தடங்கள் சாம்பல் அல்லது வெள்ளி நிறத்தில் இருக்கும். முனையில் தேய்மானத்தைத் தாங்கக் கறுப்பு நிறக் கரிப்பூச்சு இருக்கலாம். இதில் ஈயப்பற்று வைக்க முடியாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுக்கம்பி உருக 183 பாகை செல்சியசு தேவை. சூட்டுக்கோலின் முனை 300 பாகையைத் தாண்டும். பாலியெஸ்டரோ ஏறத்தாழ 80 பாகையிலேயே இளகத் தொடங்கி, 260 பாகை அளவில் உருகிவிடும்.

2. செப்புத் தடம் கொண்ட பாலிமைடு வடம்: தேன் நிறத்தில் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வெப்பம் தாங்கும், கைத்தேர்ச்சி உள்ளவர் ஈயப்பற்று வைக்கலாம்.

3. தனியாகக் கழற்றக்கூடிய செப்புப் பட்டை வடம்: வெள்ளை நிற உறையில் இருபுறமும் முனை கொண்டது. சில விசைப்பலகைகளிலும் தொடுபலகையிலும் காணப்படுகிறது. தட எண்ணிக்கை, இடைவெளி, நீளம், இரு முனைகளின் தொடுபுறம் ஆகியவை பொருந்தும் புதிய வடத்தை மாற்றினால் போதும்.

பழுதுக்கான காரணங்கள்

விசைப்பலகையைத் திருகு கழற்றியவுடன் வேகமாகத் தூக்குவது மிகப் பொதுவான காரணம். வடம் குறுகியது, இணைப்பியின் பூட்டைத் திறக்காமல் இழுத்தால் முனை கிழியும். கூர்மையாக மடித்தால் வெள்ளி மையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அச்சிட்ட மை உலோகத் தகடன்று. பசையில் கலந்த வெள்ளித் துகள்களின் படலம். ஆகவே செம்புபோல் வளைந்துகொடுக்காது.

ஈரம் மற்றொரு காரணம். சிந்திய தேநீரும் குளிர்பானமும் தாள்களுக்கிடையே ஊறி, சர்க்கரையையும் உப்பையும் விட்டுச்செல்கின்றன. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி அணுக்கள் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்தை நோக்கி நகர்ந்து குறுக்கிணைப்பை உண்டாக்கும். மழைக்காலத்தில் மூடுபனி சூழும் மலைச்சரிவு வீடுகளில் குளிர்ந்த கணினியின்மேல் நீர்த்துளி படிவதுண்டு. அவ்வாறு படிந்தால் அறை வெப்பத்தில் நன்கு உலர்ந்த பிறகே இயக்க வேண்டும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

- ஒரேயொரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால், பழுது பெரும்பாலும் அவ்விசையின் கீழேயே உள்ளது, வடத்தில் அன்று.
- பல விசைகள் ஒரே நேரத்தில் செயலிழந்தால் ஒரு தடம் அறுந்திருக்கலாம்.
- ஒரு விசையை அழுத்த இரண்டு எழுத்துகள் வந்தால் தடங்களுக்கிடையே குறுக்கிணைப்பு இருக்கலாம்.
- எந்த விசையும் வேலை செய்யாவிட்டால் வடம் இணைப்பியிலிருந்து நழுவியிருக்கலாம், அல்லது தாய்ப்பலகைச் சில்லில் கோளாறு இருக்கலாம்.

முதலில் யூ.எஸ்.பி. விசைப்பலகையை இணைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் அதே எழுத்துகள் வராவிட்டால் சிக்கல் மென்பொருள் அமைப்பில் உள்ளது. கணினியைத் திறக்கத் தேவையில்லை.

தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இச்சோதனைக்கு உதவும். அதில் 12 உயிரெழுத்துகள், 18 மெய்யெழுத்துகளின் அகரமேறிய வடிவங்கள், ஆய்தம் ஆகிய 31 குறிகளும் 31 விசைகளில் அமைந்துள்ளன. இவை ஆங்கிலத்தின் 26 எழுத்து விசைகளையும் வலப்புறக் குறியீட்டு விசைகள் ஐந்தையும் முழுமையாக உள்ளடக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி விட்டு வரிசையாகத் தட்டச்சு செய்தால் விடுபட்ட விசைகளின் பட்டியல் கிடைத்துவிடும். எண், செயல், அம்புக்குறி விசைகளைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சீரமைப்புக்குப் பின் ஒப்பிட இப்பட்டியலைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

திறக்கும் முறை

1. கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, மின்கலத்தை நீக்க வேண்டும். பழைய மாதிரிகளில் மின்கலம் அடிப்புறத் தாழ்ப்பாளைத் தள்ளினால் வெளிவரும். பிறகு எஞ்சிய மின்னோட்டம் வடிய, இயக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
2. அடிப்புறத்தில் விசைப்பலகைக் குறி உள்ள திருகுகளைக் கழற்ற வேண்டும். சில மாதிரிகளில் திருகுகளுக்குப் பதிலாக மேல் விளிம்பில் சிறு கொக்கிகள் இருக்கும்.
3. விசைப்பலகையின் மேல் விளிம்பை மெதுவாகத் தூக்கி, கைவைக்கும் பகுதியின்மீது கவிழ்க்க வேண்டும். வடம் இன்னும் இணைந்திருப்பதை மறக்கக் கூடாது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.
4. இணைப்பியின் பூட்டைத் திறக்க வேண்டும். ஒரு வகையில் பூட்டுச் சட்டத்தின் இரு ஓரங்களையும் வடம் வரும் திசையில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் இழுக்க வேண்டும். மற்றொரு வகையில் சட்டத்தை நகத்தால் மேல்நோக்கி நிமிர்த்த வேண்டும். திறந்த பின் வடம் எந்த விசையுமின்றி வெளியே வரும்; வராவிட்டால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று பொருள்.

பிற்கால மாதிரிகள் பலவற்றில் விசைப்பலகை மேல்மூடியோடு நெகிழிக் குமிழ்களால் உருக்கிப் பொருத்தப்பட்டுள்ளது. அவற்றில் இம்முறை பொருந்தாது.

சீரமைப்பு

முனையைத் தூய்மைசெய்தல்: பல பழுதுகள் இங்கேயே முடிந்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தடத்தின் நீளவாக்கில் மெதுவாகத் துடைத்து, உலரவிட்டு, நேராகச் செருகிப் பூட்ட வேண்டும். அழிப்பானால் தேய்ப்பது செம்பு முனைக்கு ஏற்றது. வெள்ளி மை, கரிப்பூச்சு ஆகியவற்றை அது உரித்துவிடும்.

முனையைத் தடிப்பாக்குதல்: முனையின் பின்புறம் ஒட்டியுள்ள விறைப்புத் துண்டு கழன்றிருந்தால் இணைப்பி வடத்தை இறுகப் பிடிக்காது. பின்புறத்தில் மட்டும் ஓரிரு அடுக்கு ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, ஓரங்களைச் சீராக வெட்டினால் பிடிமானம் திரும்பும். அளவுக்கு மீறித் தடித்தால் பூட்டு உடையும்.

அறுந்த வெள்ளித் தடத்தை இணைத்தல்: இதற்கு மின்கடத்தும் வெள்ளிப் பூச்சு தேவை.

1. உருப்பெருக்கியும் பின்னொளியும் கொண்டு அறுந்த இடத்தைக் காண வேண்டும். ஐயமிருந்தால் மல்டிமீட்டரால் அளக்கலாம். வெள்ளித் தடத்துக்குப் பல பத்து ஓம் மின்தடை இயல்பு. எனவே ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனை ஏமாற்றலாம். ஓம் அளவீட்டையே நம்ப வேண்டும்.
2. அறுப்பின் இருபுறமும் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலுள்ள காப்புப் பூச்சை மெல்லிய கத்தி முனையால் சுரண்ட வேண்டும். அடியிலுள்ள வெள்ளி போய்விடக் கூடாது.
3. பக்கத்துத் தடங்களை ஒட்டுநாடாவால் மறைத்து, ஊசி முனையால் வெள்ளிப் பூச்சை இடைவெளியின்மேல் தடவ வேண்டும்.
4. பூச்சு சற்று இறுகியதும் நாடாவை அகற்றி, ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும்.
5. இணைந்த தடத்தில் மின்தடை குறைந்திருக்கிறதா, அண்டைத் தடங்களோடு தொடர்பு ஏற்படவில்லையா என இரண்டையும் அளக்க வேண்டும். பின்னர் ஒட்டுநாடாவால் மூட வேண்டும்.

பூசிய இடம் மீண்டும் மடங்கக் கூடாது. மடிப்பிலேயே அறுந்திருந்தால், வடத்தின் பின்புறம் மெல்லிய நெகிழித் துண்டை ஒட்டி அவ்விடத்தை விறைப்பாக்கலாம். பென்சில் கரியைத் தேய்ப்பது, அலுமினியத் தாளை ஒட்டுவது போன்ற உத்திகள் நிலைக்காதவை. கரியின் மின்தடை அதிகம். அலுமினியத் தாள் நழுவி அண்டைத் தடங்களைக் குறுக்கிணைக்கும்.

செப்புத் தடம்: பாலிமைடு வடத்தில் காப்பைச் சுரண்டி, முடிபோன்ற எனாமல் கம்பியை இருபுறமும் பற்றவைத்துப் பாலம் அமைக்கலாம். சூட்டுக்கோல் ஓரிரு நொடிக்கு மேல் தங்கக் கூடாது.

மூடுவதற்கு முன் வடத்தைப் பூட்டி, விசைப்பலகையை அதன் இடத்தில் வைத்து, கணினியை இயக்கிப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். மீண்டும் திறக்க வேண்டுமானால் மின்கலத்தை மறுபடியும் நீக்க வேண்டும்.

சீரமைக்க இயலாத நிலை

முனையில் பல தடங்கள் உரிந்திருந்தாலும், திரவம் உள்தாள்களுக்குள் பரவியிருந்தாலும், ஒன்றை இணைத்தபின் மற்றொன்று அறுந்தாலும் விசைப்பலகையையே மாற்றுவது சிக்கனமானது. அதன் பின்புறச் சீட்டில் உள்ள பாக எண்ணைக் கொண்டு வாங்க வேண்டும். கணினியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வடம் வெளிவரும் இடமும் நீளமும் மாறக்கூடும். இணைப்பியின் பூட்டு உடைந்திருந்தால், அதை மாற்றத் தாய்ப்பலகை வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

மாற்று விசைப்பலகை கிடைக்காதபோது, பழைய வடத்தைக் கழற்றிவிட்டு யூ.எஸ்.பி. விசைப்பலகையை நிலையாகப் பயன்படுத்தலாம். குறுக்கிணைப்பு உள்ள வடத்தைக் கழற்றாமல் விட்டால், தானாகவே எழுத்துகள் விழுந்து தொல்லை தரும். ஓரிரு விசைகள் மட்டும் போயிருந்தால், அதிகம் பயன்படாத விசைகளுக்கு அவ்வெழுத்துகளை மென்பொருள் வழியாக மாற்றி ஒதுக்கலாம்.

கழித்துப் போடும் விசைப்பலகை மின்கழிவில் சேரும். இந்தியாவில் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. கணினியைக் கழிக்க முடிவெடுத்தாலும், வன்தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையில் பொருத்தினால் அதிலுள்ள கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுக்கொள்ளலாம்.