ஓவராயில்!

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பதினைந்து வருஷமாக ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சும்மா நின்றது என்று சொன்னால் பாவம். பழைய பக்கெட், கிழிந்த மிதியடி, அம்மாவின் காலி ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றது. அப்பாவுடையது. 1978-ல் வாங்கினாராம். வேலப்பன்சாவடியிலிருந்து அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைக்கு ரிட்டயர் ஆகும்வரை அதில்தான் போய் வந்தார்.

நான் பி.காம்.! 'தேய்மானம் போகப் புத்தக மதிப்பு பூஜ்யம்' என்று கணக்குப் போட்டேன். முழங்கால் ஆபரேஷனுக்காக அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் பார்த்து, காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். 450 ரூபாய்.

அப்பா வீடு திரும்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். வாக்கரை ஊன்றிக்கொண்டு மாடிப்படி பக்கம் போனார். காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடம் நல்லா விசாலமாயிடுச்சுப்பா" என்றார். அவ்வளவுதான்!

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காலையில் முதல் வேலையாகக் காயலான் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, உடைக்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 900 ரூபாய் என்றார். பூஜ்ய மதிப்புச் சொத்து ஒரே வாரத்தில் இரண்டு மடங்கானதை எந்த காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை!

அப்புறம்தான் அந்த வண்டியின் ஜாதகத்தைப் பார்த்தேன். ஹெர்குலிஸ் 1910-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கம்பெனி. 1946-ல் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை வாங்கியது. அந்தக் கம்பெனியும் நம்ம முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். ட்யூப் தயாரிக்க 1955-ல் ஆவடியில் தனித் தொழிற்சாலை வந்தது. சீமைச் சரக்கு என்று நான் நினைத்திருந்த சைக்கிள், கடைசியில் பார்த்தால் பக்கத்து ஊர்க்காரர்!

இனி அதை ஓட்டணுமே? இரண்டு சக்கரமும் சுற்ற மறுத்தன. அரை பாட்டில் தேங்காய் எண்ணெயைச் செயினில் ஊற்றி, சைக்கிள் கடைப் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஓவராயில் பண்ணணுங்க."

பெரியவர் செயினைத் தொட்டு விரலைப் பார்த்தார். "ஓவராயில்னா ஓவரா ஆயில் ஊத்தறது இல்ல தம்பி! தேங்கா எண்ணெய் பிசுபிசுன்னு மண்ணைப் பிடிச்சுக்கும். அப்புறம் செயினை அதுவே அரைச்சுத் தின்னுடும்."

அடுத்தடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு நான் எடுபிடி. அங்கே கற்றதில் கொஞ்சம் உங்களுக்கும்.

இடது பெடல் கட்டையின் மரை எதிர்த்திசை. வலது பெடல் இடப்பக்கம் திருப்பினால் கழலும், இது வலப்பக்கம். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தெரியாமல் மல்லுக்கட்டினால் மரை போய்விடும். (ஹி... ஹி... பாதி போனது!)

காட்டர் பின்னைச் சுத்தியால் ஒரே போடாகப் போடக்கூடாது. முதல் நாளே ஆயில் விட்டு ஊறவைத்து, கிராங்குக்குக் கீழே கெட்டியாக முட்டுக் கொடுத்துத்தான் தட்டணும். இல்லாவிட்டால் உள்ளே பால்ரஸ் உட்காரும் இடம் அடிபட்டுவிடும்.

பால்ரஸ்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, புள்ளி விழுந்ததைத் தூக்கிப் போட்டு, புது கிரீஸ் வைத்தோம். முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தானே விழுகிறது! அதையும் கோட்டம் எடுத்தோம். ரிம்மின் துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம். பார்சல் கட்டுகிற அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். முலாம் கீறாமல் பளபளக்கும்.

கடைசியில் பெயிண்ட். மெட்டாலிக் நீலம் என்று முடிவே பண்ணிவிட்டேன். சாம்பிள் அட்டையை அப்பாவிடம் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. சைக்கிள் பாரில் ஓரிடத்தைத் தடவினார். கறுப்பு பெயிண்ட் வட்டமாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"இது பேபி சீட் மாட்டின இடம். ஸ்கூல் போறவரைக்கும் நீ இங்கதான் உட்கார்ந்து வருவே. தூங்கித் தூங்கி விழுவே."

சாம்பிள் அட்டை கடைக்கே திரும்பிப் போனது. தேய்ந்த இடத்தில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிசாக மெழுகு பூசியதோடு சரி.

மொத்தச் செலவு, டயர், ட்யூப், பிரேக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்து 3,700 ரூபாய். காயலான் கடைத் தண்டம் தனி. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு தரம் காற்று. மாசம் ஒரு தரம் செயினைத் துடைத்து, சொட்டுச் சொட்டாக மெஷின் ஆயில். மழையில் நனைந்தால் உடனே துணி. வருஷத்துக்கு ஒரு ஓவராயில். முக்கியமாக, ஓட்டணும். நிறுத்தி வைத்த வண்டிதான் சீக்கிரம் வீணாகிறது.

அப்பாவால் இனி மிதிக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கேரியரில் உட்காரவைத்து மெதுவாக டீக்கடை வரைக்கும் மிதித்தேன். பாதி வழியிலேயே எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்குடா. ஏறி உட்கார்ந்ததுமே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கென்னப்பா?"

"சொன்னா இறக்கி விட்டுட்டு நீ மட்டும் போயிடுவியே!"