புற்றுநோயை வென்றவருக்கு இன்னொரு புற்றுநோய் வருமா? கணக்குப் போடுகிறது எந்திர மூளை!

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலையில் மக்கள் வெள்ளம்!

14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் ஒருவர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பெற்றுப் பிழைத்துக்கொண்டார்.

"இனி பயம் இல்லை" என்று பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இது சரியா? சரி அல்ல!

புதிய எதிரி

பழைய நோய் திரும்பி வருவது ஒன்று. அதே உடம்பில் புதிதாக வேறு ஒரு புற்றுநோய் தோன்றுவது இன்னொன்று. இதை "இரண்டாவது புற்றுநோய்" என்கிறார்கள் டாக்டர்கள்.

ஏன் வருகிறது?

புகையிலையின் நஞ்சு ஒரே இடத்தில் நிற்பது இல்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஓர் இடத்தில் நோயை அகற்றினாலும் மற்ற இடங்களில் ஆபத்து இருக்கிறது.

இளம் வயதில் மார்பில் கதிர் சிகிச்சை பெற்ற பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சில மருந்துகளால், அபூர்வமாக, ரத்தப் புற்றுநோய் வருவதும் உண்டு. பரம்பரையும் ஒரு காரணம்.

இதற்குப் பயந்து சிகிச்சையை மறுக்கக்கூடாது. உயிரைக் காப்பாற்றுவது அதுதான்!

மாட்டுத் தரகர் போல...

யாருக்கு ஆபத்து அதிகம்? இதைத்தான் கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்கள் விஞ்ஞானிகள்.

தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் தரகரைப் பாருங்கள். பல்லைப் பார்த்ததும் மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். எப்படி? ஆயிரம் மாடுகளைப் பார்த்த அனுபவம்!

கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வயது, நோய், சிகிச்சை, பழக்கம் ஆகியவற்றைப் படிக்கிறது. பின்னாளில் யாருக்கு மீண்டும் நோய் வந்தது என்பதையும் பார்க்கிறது. புதிய நோயாளி வந்தால் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. இதற்கு "எந்திரக் கற்றல்" என்று பெயர்.

அமெரிக்காவில் 1973 முதல் சேர்த்து வரும் புற்றுநோய்ப் பதிவுகளை வைத்து இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால் ஒன்று. அது சொல்வது தலைவிதி அல்ல, மதிப்பீடுதான். அமெரிக்கரைப் பார்த்துக் கற்ற எந்திரம், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் ஊர்க்காரரைச் சரியாக எடை போடுமா? நம் மக்களின் கணக்கும் அதற்கு வேண்டும்!

தமிழ்நாட்டில்...

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய முயற்சியால் 1954-ல், 12 படுக்கைகளுடன், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. சென்னை மக்களின் புற்றுநோய்க் கணக்கு 1982 முதல் அங்கே பதிவாகிறது. பிறகு மாநிலம் முழுவதற்கும் பதிவுத் திட்டம் வந்தது.

ஆனால் பிழைத்தவர் மறுபடி வராவிட்டால், அவர் கதை பாதியில் நின்றுவிடும். பாதிக் கதையை வைத்து எந்த எந்திரமும் கற்க முடியாது.

நீங்கள் செய்யவேண்டியது

ஆஸ்பத்திரி கொடுத்த காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். என்ன மருந்து, எங்கே எவ்வளவு கதிர் என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் போல அதைக் காப்பாற்றுங்கள்.

புகையிலையை விட்டுவிடுங்கள். வாயில் ஆறாத புண், புதிய கட்டி, காரணம் இல்லாத ரத்தப்போக்கு தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கிரிவலம் வருகிறவர்கள் ஒரு முறையோடு நிறுத்திவிடுவது இல்லை. அடுத்த பவுர்ணமிக்கும் வருகிறார்கள்.

பரிசோதனைக்கும் அப்படியே போகவேண்டும்!