காய்கறியும் மாத்திரையும் ஒன்றாகுமா?

அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு இல்லம் திரும்புகையில், பெட்டியிலிருந்து வெளிவரும் பொருள்களுள் மாத்திரைப் புட்டி ஒன்றும் இருப்பது இந்நாள்களில் வழக்கமாகிவிட்டது. "அப்பா சிகரெட்டை விடமாட்டேன் என்கிறார். இதையாவது நாள் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள், அம்மா" என்பான் மகன். தாயும் மனநிறைவோடு அதை வாங்கி அலமாரியில் வைப்பார். புட்டியின்மேல் 'ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்' என்னும் சொல் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும்.

அன்பினால் வாங்கப்பட்ட அந்த மாத்திரை, யாரைக் காக்கவேண்டுமென்று வாங்கப்பட்டதோ அவருக்கே தீங்கு செய்யக்கூடுமா? சில மாத்திரைகள் செய்யக்கூடும் என்பதே மருத்துவ உலகம் அரிதின் முயன்று கற்ற பாடம். அவ்வரலாற்றை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே தருகிறோம்.

நம்பிக்கை பிறந்த விதம்

நாம் உயிர்வாழப் பிராணவாயு இன்றியமையாதது. ஆயினும், உடலுக்குள் அது பயன்படுகையில் நிலைகொள்ளாத நுண்துணுக்குகள் சில உண்டாகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் அவை உயிரணுக்களை அரிக்கக்கூடும். புகையிலைப் புகை இவற்றை மேலும் பெருக்குகிறது. இத்துணுக்குகளைத் தணிக்கும் ஆற்றல் வாய்ந்த பொருள்களையே ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் என்கிறோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-யாகவும் மாற்றிக்கொள்கிறது.

கீரை, காய், கனிகளை மிகுதியாக உண்போரிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. அந்த நன்மைக்குக் காரணம் பீட்டா கரோட்டின்தானோ? 1981-இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் என்னும் ஆங்கிலேய அறிஞர்களும் அவர்தம் உடனுழைப்பாளர்களும் 'நேச்சர்' இதழில் இவ்வினாவை எழுப்பினர். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் பிராட்ஃபோர்டு ஹில் என்பாருடன் சேர்ந்து வெளிப்படுத்தியவர் இந்த டாலே. எனவே உலகம் செவிசாய்த்தது. இவ்வினாவுக்கு விடைகாணப் பெருஞ்சோதனைகள் தொடங்கின.

பின்லாந்து தந்த அதிர்ச்சி

அவற்றுள் ஒன்று ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்தில் 1985-இல் தொடங்கிற்று. 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் அதில் சேர்ந்தனர். அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் ஏறத்தாழ 36 ஆண்டுகள் புகைத்தவர்கள். நோய் வரும் வாய்ப்பு மிக்க இவர்களைக் காப்பாற்ற முடிந்தால் அது எத்துணைப் பெரிய வெற்றி!

குலுக்கல் முறையில் அவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மற்றொரு பிரிவினர்க்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ. மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும். நான்காம் பிரிவினர்க்குச் சத்து ஏதுமற்ற வெறுங் குளிகை. எவருக்கு எது தரப்படுகிறது என்பது விழுங்குபவர்க்கும் தெரியாது. அவரைக் கவனிக்கும் மருத்துவர்க்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு நுழையாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1994-இல் முடிவு வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் பெறாத பாதிப்பேரில் 402 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டிருந்தது. பெற்ற பாதிப்பேரிலோ 474 பேருக்கு! குறையும் என்று எதிர்பார்த்த நோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. மொத்த இறப்பும் 8 விழுக்காடு மிகுந்திருந்தது. வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை.

'இது தற்செயலாக நேர்ந்திருக்கலாம்' என்று ஐயுற்றோர் பலர். அவ்வையத்தை அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த மற்றொரு சோதனை போக்கிற்று. புகைபிடிப்போர், புகைப்பதை விட்டோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேர் அதில் இருந்தனர். பாதிப்பேர் பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராமும் அதனுடன் வைட்டமின் ஏ-யும் உண்டுவந்தனர். அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் மிகுந்திருக்கக் கண்டு, குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்திவிட்டனர். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேர் பங்குபெற்றனர். பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பீட்டா கரோட்டின் உண்டதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஏன் இப்படி நேர்ந்தது?

வியப்பு யாதெனில், பின்லாந்து ஆடவருள்ளும் சோதனைக்கு முன்பே தம் உணவில் பீட்டா கரோட்டினை மிகுதியாகப் பெற்றிருந்தோர்க்கு நோய் குறைவாகவே இருந்தது. உணவில் நன்மையின் அடையாளமாய் நின்ற பொருள், குளிகையில் தீமையாய் மாறியது எவ்வாறு?

கீரையிலும் கனியிலும் பீட்டா கரோட்டின் தனித்து இருப்பதில்லை. நார்ச்சத்தும் வேறு பல சத்துகளும் அதனோடு கலந்து சிறு அளவில் உடலில் சேர்கின்றன. மேலும், காய்கனிகளை விரும்பி உண்பவர் மற்றப் பழக்கங்களிலும் பெரும்பாலும் அளவோடு இருப்பவர். ஆகவே நன்மை முழுவதையும் ஒரே பொருளின் கணக்கில் எழுதியது பிழையாயிற்று. அன்றியும், புகை சூழ்ந்த நுரையீரலில் அளவுமிக்க பீட்டா கரோட்டின் தானே சிதைந்து கேடான பொருள்களாக மாறக்கூடும் என்பது ஆய்வாளர் கூறும் விளக்கம். காவலுக்கு நிறுத்திய ஆளே களவுக்குத் துணைபோன கதைதான் இது. ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு: குளிகையை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்த மிகைத்தீங்கு மறைந்துவிட்டது.

குறையும் நிறைவும்

அப்படியானால் சத்து மாத்திரைகள் யாவும் வீணோ? அவ்வாறு நாம் கூறவில்லை. சீனாவின் லின்ஷியன் பகுதி மக்கள் நெடுங்காலமாகச் சத்துக்குறைவால் வாடியவர்கள். அங்கே பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்துச் சிறு அளவில் பெற்றோரிடையே இறப்பு 9 விழுக்காடு குறைந்ததென 1993-இல் அறிவித்தனர்.

நம் தமிழகமே இதற்கு மற்றொரு சான்று. திருச்சி மாவட்டத்தில் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் 15,419 பேரிடம் மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் ஓர் ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்ததை 1990-இல் உலகறியச் செய்தனர். பசித்த வயிற்றுக்குச் சோறு அமுது. உண்ட வயிற்றில் திணித்தால் அதுவே நோய். சத்தின் நியாயமும் அதுவே. குறை உள்ள இடத்தில் உயிர்காக்கும் பொருள், குறையில்லாத இடத்தில் பயனற்றுப் போகிறது. சில வேளைகளில் கேடும் செய்கிறது.

நாம் செய்யத்தக்கது

புற்றுநோயையோ இதயநோயையோ தடுக்கும் நோக்கத்தோடு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் உண்ணவேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்துள்ளது. எனவே, புட்டியை வாங்குமுன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். புகைபிடிப்பவரும், புகைப்பதை விட்டுவிட்டவரும் பீட்டா கரோட்டின் குளிகைகளைத் தவிர்த்தல் வேண்டும். முதுமையில் விழித்திரை சிதையும் நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் சிலவற்றிலும் அது உண்டு. அதற்கு மாற்றாக லூட்டின், சியாசாந்தின் சேர்ந்தவை இருப்பதால் மருத்துவரிடம் தம் புகைப்பழக்கத்தை மறைக்காது கூறுக. கருவுற்ற தாய்மார்க்கும் குழந்தைகட்கும் மருத்துவர் எழுதித் தரும் சத்து மருந்துகளை இக்கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடலாகாது. அவை குறையை நிரப்பவே தரப்படுகின்றன.

முருங்கைக் கீரை, பப்பாளி, பரங்கிக்காய், கேரட், மாம்பழம் ஆகியவற்றை அஞ்சாமல் உண்ணலாம். தீங்கு கண்டது குளிகையில்தான், உணவில் அன்று.

முடிவாக, அலமாரியில் புட்டியை வைத்த அந்தத் தாய்க்கு ஒரு சொல். அம்மா, மகனின் அன்பு மெய்யானது. ஆனால் புகைக்கு மாற்று மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை. 'மாத்திரைதான் சாப்பிடுகிறேனே' என்னும் துணிவில் இன்னொரு சிகரெட் பற்றவைக்கப்படுமானால், அம்மாத்திரை இருவகையில் தீங்காகும். அதற்குச் செலவாகும் பணத்தில் பழம் வாங்குங்கள். அவர் அருகில் அமர்ந்து, இன்று ஒன்றைக் குறைக்கவும் நாளை அறவே விடவும் பரிவோடு கேளுங்கள். மகனும் தொலைபேசியில் அதையே கேட்கட்டும். மனைவியும் மக்களும் ஒருமித்துக் கேட்பதைத் தட்டுவது எந்தத் தந்தைக்கும் எளிதன்று.