கிணறு இறைக்க இறைக்க ஏன் கரித்தது?



2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, 7 மணிக்குச் சற்று முன், சுமாத்திராவுக்கருகே கடலடி நிலம் பிளந்தது. அந்த ஒரே அதிர்ச்சி நம்மிடம் மூன்று வழிகளால் வந்ததைச் சிந்தித்ததுண்டா?

முதலில் பாறை வழியாக. நில அதிர்வலை ஆழ்பாறையில் செக்கனுக்குச் சுமார் 8 கிலோமீற்றர் ஓடும். சில நிமிடங்களில் அது இலங்கைக்கு வந்துவிட்டது. கண்டி, பல்லேகலையிலுள்ள கருவி அதைப் பதிந்தது, நாம் உணரவில்லை. அடுத்தது நீர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அலை தொட ஒன்றரை மணித்தியாலத்திற்கு மேலாயிற்று. இடையிலிருந்த அவகாசத்தில் நமக்குச் சொல்ல ஒருவருமில்லை. இந்து சமுத்திரத்திற்கென்று அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. இலங்கையில் கூடுதலான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்தான்.

மூன்றாவது வழி மணல். அதைச் சொல்லத்தான் எழுத வந்தேன்.

நம் கரையோரக் கிணற்று நீர், மாரி மழை மணலுக்குள் இறங்கித் தேங்கியது. அதற்குக் கீழே கடல் நீர் கிடக்கிறது. உப்பு நீர் பாரமானது, ஆகவே நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்!

இதறியாமல் அன்று நாம் பம்ப் வைத்து இறைத்தோம். எங்கள் வளவுக் கிணற்றை நானே மூன்று முறை வற்ற இறைத்தேன். ஒவ்வொரு முறையும் ஊறிய நீர் முன்னையதைவிடக் கரித்தது. வுழூச் செய்ய வாய் கொப்பளித்தாலே குமட்டும். இறைத்ததைக் கிணற்றடியிலேயே ஊற்றினோம். அது மணலால் இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே போயிற்று. சேற்றை ஒருமுறை அள்ளிவிட்டு மழைக்குக் காத்திருந்திருக்கலாம். கடைசியில் உப்பைக் கழுவியது மழைதான். அதற்கு மாதக்கணக்காயிற்று.

அதே மணல் இன்று வேறொன்றையும் கடத்துகிறது. மலசலகூடக் குழியின் கிருமிகளில் ஒரு பகுதியை மணல் வடித்துவிடும், நைத்திரேற்றை வடிக்காது. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது, செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். நம் ஊர் வளவுகளில் அதற்கு இடமேது? உங்கள் குழி தூரமாயிருந்தாலும், மதிலுக்கு அப்பால் அயல்வீட்டார் குழி எங்கே இருக்கிறதென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.